நான் சொன்னால்தான் சாப்பிடுவாள்

நீங்கள் கடலைப் பொட்டலத்தைப் பிரித்ததும் முதலில் என் பக்கம்தான் நீட்டினீர்கள். நான் வேண்டாம் என்று தலையசைத்த பிறகுதான் ஒன்றை எடுத்து வாயில் போட்டீர்கள். கவனித்தேன். நல்ல வளர்ப்பு. பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் அவர்கள் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று பார்ப்பது நம் பக்கத்து வழக்கம். நானும் அதை வளர்ப்பு என்றுதான் நினைத்தேன். அதை உங்களிடம் சொல்லலாமா வேண்டாமா என்று அரசரடியிலிருந்து யோசித்துக்கொண்டு வருகிறேன்.

எனக்குப் பேச்சு வராது. பெயர்தான் பேச்சியம்மாள். முன்பின் தெரியாதவர்களோடு பஸ்ஸில் பேசுவது இதோடு மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் எந்த ஊர் வந்திருக்கிறது என்று கேட்டேன், அவ்வளவுதான்.

நீங்கள் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்ளுங்கள். காதில் காற்று அடித்தால் எனக்கு ஆகாது. அந்தக் கண்ணாடியையும் இழுத்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம். முழுசாக. ஆ, அப்படி. இந்தப் பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வைத்தால் சாய்ந்துவிடும். உள்ளே பணியாரம் இருக்கிறது. கருப்பட்டிப் பணியாரம், இருபத்தொன்று. தேனிக்குக் கொண்டுபோகிறேன். ஒரு பெண்ணைப் பார்க்க.

மகள் இல்லை. எனக்குப் பிள்ளைகள் கிடையாது. மகள் மாதிரி என்று ஒரு காலத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

மதுரைக்கு வெளியே ஒரு இல்லம். பெயர் வேண்டாம். மீட்டுக்கொண்டு வருகிற பெண்களை வைத்திருக்கிற இடம். எங்கிருந்து மீட்டு என்பது உங்களுக்குப் புரியும். வாய்விட்டுச் சொல்ல எனக்கு வராது. அங்கே ஒன்பது வருஷம் சமையலும் சாவியும் என் பொறுப்பு. அதற்கு முன்னால் திண்டுக்கல் பக்கம் ஒரு மில் ஹாஸ்டலில் பதினாலு வருஷம் சமையல். படிப்பு ஐந்தாவது. ஆனால் எண்ணிக்கையில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. இல்லத்தில் தட்டு இருபத்திரண்டு, டம்ளர் இருபத்திரண்டு, ஒவ்வொன்றின் விளிம்பிலும் நம்பர் வெட்டியிருக்கும். வேளைக்கு வேளை எண்ணி அடுக்குவேன். நான் இருந்த ஒன்பது வருஷத்தில் ஒரு கரண்டி காணாமல் போனதில்லை. ஒருத்தியையும் நான் கைநீட்டி அடித்ததில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

சாப்பாட்டு நேரம் ஆனால் கரண்டியால் தட்டில் இரண்டு தட்டு தட்டுவேன். டங், டங். எல்லாரும் வரவேண்டும். வருவார்கள், ஆனால் எப்படி வருவார்கள்! தேவிகா என்று ஒருத்தி, சரியான வாய். "ஏ கெழவி, சாம்பார்ல பருப்பு எங்க? நீச்சப் பழகப் போயிருக்கா?" என்பாள். தட்டைத் தூக்கிப் போடுவாள். போட்டுவிட்டு அவளே பொறுக்குவாள். அந்த மாதிரி பிள்ளைகள் நடுவில்தான் செவ்வந்தி வந்தாள்.

புரட்டாசி மாதம், ஒரு புதன்கிழமை. இருபது வயது இருக்கும். மலையடிவாரத்து ஊர். துணிக்கடையில் வேலை என்று யாரோ கூட்டிப்போனார்கள். இரண்டு வருஷம் ஒரு வீட்டில் இருந்திருக்கிறாள். அங்கே என்ன நடந்தது என்று நான் கேட்டதில்லை. கேட்கக் கூடாது. நீங்களும் கேட்காதீர்கள்.

வந்த அன்று சமையலறை வாசலில் வந்து நின்றாள். நிலைப்படிக்கு வெளியே கால்விரல் நுனி. உள்ளே ஒரு அங்குலம் வரவில்லை.

"தண்ணி குடிக்கலாமாம்மா?"

குடி என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "உக்காரலாமாம்மா?" பிறகு, "தல சீவலாமாம்மா?" "பாத்ரூம் போலாமாம்மா?" நான் எண்ணிக்கை போடுகிறவள் இல்லையா, அன்றைக்கு மட்டும் முப்பத்தொரு தடவை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? எந்த வீட்டுத் தாய் வளர்த்த பிள்ளையோ என்று நினைத்தேன். நான் எது சொன்னாலும் ஒரே பதில்தான்: "சரிம்மா." வெங்காயம் உரி, சரிம்மா. போதும் எழுந்திரு, சரிம்மா. பதினோரு மாதம் இருந்தாள். மாட்டேன் என்று ஒரு தடவை சொன்னதில்லை. வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னதில்லை. இரண்டும் பூஜ்யம்.

போன்தான் அடிக்கிறது. என்னுடையதுதான். இருக்கட்டும், கம்பெனிக்காரன் பாட்டு வைக்கச் சொல்லிக் கூப்பிடுவான். எடுத்தால் சொல்லிக்கொண்டிருந்தது விட்டுப்போகும்.

ஐப்பசியில் ஒருநாள் நான் எல்லாருக்கும் பரிமாறிக்கொண்டிருக்கும்போது வாசலில் சிலிண்டர் வந்துவிட்டது. கேட்டைத் திறக்க ஓடினேன். பழைய சிலிண்டரில் வாஷர் சரியில்லை, அவனோடு சண்டை, அது இது என்று நாற்பது நிமிஷம். திரும்பி வந்தால் இருபத்தொரு தட்டும் கழுவிக் கவிழ்த்தாயிற்று. ஒரு தட்டு மட்டும் பலகையில் இருக்கிறது. பதினாலாம் நம்பர். சோறு காய்ந்து, ரசத்தின் மேல் ஆடை படிந்து கிடக்கிறது. அதற்கு முன்னால் செவ்வந்தி. இரண்டு கையும் மடியில்.

"ஏன்டி சாப்பிடல?"

"நீங்க சொல்லலையேம்மா."

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெருமையில். சத்தியமாகச் சொல்கிறேன், பெருமையில்தான் வந்தது. எனக்காக நாற்பது நிமிஷம் தட்டுக்கு முன்னால் காத்திருக்க இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள்? என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் அவர் சாப்பிட்ட தட்டைத்தான் நான் பார்த்திருக்கிறேன், நான் சாப்பிட்டேனா என்று அவர் பார்த்ததில்லை. "சாப்பிடு தாயி" என்றேன். அந்த வார்த்தை வாயை விட்டு வெளியே வருகிறது, அவள் கை சோற்றில் இருக்கிறது. அவ்வளவு வேகம். ஆறின சோறு, அவ்வளவு பசி.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

எங்கள் இல்லத்துக்கு வெளியாட்களை விடக் கூடாது. ஆனால் அதை நடத்துகிற டிரஸ்டைச் சேர்ந்த குடும்பங்கள் பிறந்தநாள், திதி என்றால் ஒருவேளைச் சாப்பாடு கொடுக்க வருவார்கள். அவர்கள் வந்தபோது நான் ஒரு காரியம் செய்தேன். ஒரு தடவைதான். எல்லாருக்கும் பரிமாறிவிட்டுச் சும்மா நின்றேன். மற்றவர்கள் பாட்டுக்குச் சாப்பிட ஆரம்பித்தார்கள். செவ்வந்தி மட்டும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். வந்த அம்மாவின் காதில், "அந்தப் புள்ளையப் பாருங்க. நான் சொன்னாத்தான் சாப்பிடும்" என்றேன். அறுபது எண்ணினேன், மனசுக்குள். பிறகு, "சாப்பிடு செவ்வந்தி." கை சோற்றில் விழுந்தது. அந்த அம்மா வாயில் விரலை வைத்துக்கொண்டது. "அடேங்கப்பா! எம் மருமகள ஒரு மாசம் உங்ககிட்ட அனுப்பி வைக்கட்டா?" என்று கேட்டது. எல்லாரும் சிரித்தோம். தேவிகா மட்டும் சிரிக்கவில்லை. "வித்தை காட்டுது கெழவி" என்று பருப்பைப் பிசைந்துகொண்டே சொன்னாள். அவளுக்கு அன்றைக்கு அப்பளம் வைக்கவில்லை நான்.

பாருங்கள், மறுபடியும் அடிக்கிறது. அடிக்கட்டும்.

மெர்லின் என்று ஒரு கவுன்சிலர் பெண். வாரத்துக்கு மூன்று நாள் வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசும். அதற்கு விஷயம் எட்டிவிட்டது. என்னைத் தனியாகக் கூப்பிட்டது.

"பேச்சிம்மா, அது மரியாதை இல்ல. பயம்."

"பயம் இல்லாம மரியாதை எங்கேருந்தும்மா வரும்?" என்று கேட்டேன்.

கேட்டுவிட்டு நான் குழம்பைக் கிளறப் போய்விட்டேன்.

பொங்கலுக்கு எல்லாருக்கும் புதுச்சேலை வந்தது. பச்சை, மெரூன், இரண்டே நிறம். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மேஜையில் பரப்பியாயிற்று. இருபத்தொரு பேரும் அடித்துப் பிடித்து எடுத்துவிட்டார்கள். செவ்வந்தி மேஜைக்கு முன்னால் நிற்கிறாள். அவள் கை பச்சைக்குப் போகிறது, கண் என் முகத்தைப் பார்க்கிறது, கை மெரூனுக்குப் போகிறது, மறுபடியும் என் முகம். நெற்றி முழுக்க வேர்வை. தை மாதக் குளிரில் வேர்வை! "நீங்களே சொல்லுங்கம்மா" என்றாள். நான் மெரூனை எடுத்துக் கொடுத்தேன். "சரிம்மா." அப்போது அவள் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. பச்சைதான் அவளுக்குப் பிடிக்கும் என்று ரொம்ப நாள் கழித்துத் தேவிகா சொல்லித்தான் தெரியும்.

ஒரு தடவை என்று சொன்னேன் இல்லையா, வந்தவர்களுக்குக் காட்டினேன் என்று? மூன்று தடவை. பொங்கலுக்கும் காட்டினேன்.

பங்குனியில் கோர்ட்டு. அவளை அந்த வீட்டில் வைத்திருந்தது ஒரு பொம்பளை. பெரியக்கா என்றுதான் இவள் சொல்வாள். அத்தனைக்கும் பிறகும் "அது" என்று சொல்ல மாட்டாள். "பெரியக்கா இந்நேரம் காப்பி குடிப்பாங்க" என்று மரியாதையாகத்தான் சொல்வாள். அந்தப் பொம்பளைக்கு எதிராக இவள் சாட்சி சொல்ல வேண்டும். மெர்லின் இரண்டு மாதமாகத் தயார் பண்ணியிருந்தது. துணைக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். நான் பக்கத்தில் இருந்தால் அவளுக்குத் தைரியம் என்று நானேதான் சொன்னேன்.

கோர்ட்டு வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிரே போலீஸோடு அந்தப் பொம்பளை வந்தது. ராட்சசி மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. என் வயசுக்கு ஏழெட்டு வயது குறைவு. சுங்குடிச் சேலை, நெற்றியில் திருநீறு, அளவான பேச்சு. யார் பார்த்தாலும் எங்கள் இரண்டு பேரையும் அக்கா தங்கச்சி என்பார்கள். அது மிரட்டவில்லை, முறைக்கவில்லை. கடந்து போகும்போது ஒரே ஒரு வார்த்தை கேட்டது.

"சாப்ட்டியா?"

அவ்வளவுதான். செவ்வந்தி எழுந்து நின்றுவிட்டாள். நானும் பார்த்தேன். எழுந்து நின்று, இல்லை என்று தலையாட்டினாள். அந்தப் பொம்பளை "ம்" என்றது. போய்விட்டது.

உள்ளே கூண்டில் நின்று இவள் சொன்னாள்: "பெரியக்கா என்னை ஒண்ணும் பண்ணல. எனக்குச் சாப்பாடு போட்டாங்க." எத்தனை தடவை கேட்டாலும் அதேதான். வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். மெர்லின் அழவில்லை, கோபப்படவும் இல்லை. வேனில் வரும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தது. எனக்குத்தான் ஆத்திரம். ஆறு மாதம் சோறு போட்டவள் நான். அந்தப் பொம்பளை போட்டது சாப்பாடு, நான் போட்டது என்ன மண்ணா?

அன்றிலிருந்து நான் அவளிடம் பேசவில்லை.

அடிக்கவில்லை, திட்டவில்லை. அதெல்லாம் என் பழக்கம் இல்லை. பேசவில்லை, அவ்வளவுதான். நம் வீடுகளில் இதெல்லாம் சகஜம்தானே? என் மாமியார் என்னோடு ஒரு தடவை நாற்பத்திரண்டு நாள் பேசாமல் இருந்தார். செவ்வந்தி சமையலறை வாசலில் வந்து நிற்பாள். "தண்ணி குடிக்கலாமாம்மா?" நான் பாத்திரம் தேய்ப்பேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடுவாள். சாப்பாடு மட்டும் குறை வைக்கவில்லை. டங், டங். பதினாலாம் நம்பர் தட்டிலும் எல்லாருக்கும் போலவே சோறு, குழம்பு, பொரியல். போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவேன். வேளை முடிந்ததும் தட்டுகளை எண்ணுவேன். இருபத்திரண்டும் காலி. பார்த்தாயா, பேசாவிட்டாலும் வயிறு கேட்கிறது, தின்கிறாள் என்று நினைத்தேன். அதிலும் எனக்குக் கோபம்.

ஐந்தாம் நாள் காலையில் குழாயடியில் விழுந்துவிட்டாள்.

தேவிகாதான் கத்தினாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தால் அவள் தலை தேவிகா மடியில். உதடு வெள்ளையாக இருந்தது.

"என்னடி ஆச்சு?"

"என்ன ஆச்சா? நாலு நாளா அவ ஒரு பருக்க தின்னல. தண்ணிகூட நான்தான் வாயில ஊத்தினேன். தட்டை எம் பக்கம் தள்ளிடுவா. சாப்பிடு சாப்பிடுன்னு நானும் கெஞ்சிட்டேன். நான் சொன்னா அவளுக்குச் செல்லாதாம். அம்மா சொல்லலையேங்கறா. தட்டு காலியா இல்லேன்னா நீ எங்களத்தானே கேப்ப? அதான் நான் தின்னேன். எண்ணத்தான் தெரியும் ஒனக்கு."

நான் எண்ணிய தட்டு எல்லாம் சரி. பன்னிரண்டு வேளை. பன்னிரண்டு வேளையும் கணக்கு சரி.

மூன்றாம் தடவை. யாராக இருந்தாலும் இவ்வளவு அடம் பிடிக்கக் கூடாது. சொல்லி முடித்துவிடுகிறேன், பிறகு பார்க்கிறேன். உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்கிறது? முந்தானையால் துடைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. நான் கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். ஊசி குத்தியிருந்த கையைத் தூக்கி இரண்டு கையும் சேர்த்துக் கும்பிட்டாள்.

"ரெண்டு அடி அடிச்சிருங்கம்மா. பேசாம மட்டும் இருக்காதீங்க."

என்ன நடந்தது என்று மெர்லின்தான் வெளி வராந்தாவில் வைத்துச் சொன்னது. அந்த வீட்டில் பெரியக்கா யாரையும் அடித்ததில்லையாம். அடிக்கிறதுக்கு வேறு ஆள் இருந்ததாம். பெரியக்கா சோறு போடும். "ம்" என்று சொன்னால்தான் கை வைக்க வேண்டும். சொன்னபடி கேட்காவிட்டால் பேசாது. சோற்றைப் போட்டுவிட்டு "ம்" சொல்லாமல் எழுந்து போய்விடும். ஒரு நாள், இரண்டு நாள். அந்தப் பிள்ளைகளே காலில் விழுந்து, சொன்னதைச் செய்கிறோம் என்று கெஞ்சுகிறவரைக்கும். செவ்வந்தி ஒரே ஒரு தடவை சொல்லுக்கு முன்னால் கை வைத்தாளாம், முதல் வாரத்தில். அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்று மெர்லின் சொல்ல ஆரம்பித்தது. போதும்மா என்றேன்.

"அவ உங்ககிட்ட மரியாதை காட்டல பேச்சிம்மா. நீங்க எப்பக் கைவிடுவீங்கன்னு உங்க மூஞ்சியவே பாத்துட்டு இருந்தா."

நான் ஒருத்தியையும் அடித்ததில்லை என்று அப்போதும் சொன்னேன். மெர்லின், "அவங்களும்தான்" என்றது.

அதற்கப்புறம் கரண்டி தட்டுவதை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். சட்டி பானையைக் கூடத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டு நான் வெளியே போய்விட வேண்டும். வேண்டியவர்கள் வேண்டியதைப் போட்டுக்கொள்வார்கள். சாப்பிடு என்ற சொல்லை அவளிடம் நான் சொல்லக் கூடாது. சாப்பிடாதே என்றும் சொல்லக் கூடாது. பார்க்கவும் கூடாது. மெர்லின் பக்கத்தில் உட்கார்ந்து தன் தட்டைத் தானே போட்டுச் சாப்பிடும். முதல் நாட்களில் ஊட்டாத குறையாகத்தான் அவளுக்கு உள்ளே போயிற்று. பதினேழு நாள் ஆயிற்று, அவளாகக் கையை நீட்டி ஒரு இட்லியை எடுக்க. எடுத்ததும் எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாளாம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தின்றாளாம். நான் பார்க்கவில்லை. பார்த்தேன். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். பார்க்காதே என்று சொன்ன பிறகும் பார்த்தேன்.

ஆவணியில் தேனிப் பக்கம் ஒரு நாற்றுப்பண்ணையில் வேலை கிடைத்துப் போனாள். தனி அறை, தானே சமைக்கிறாளாம். கேஸில் இன்னொரு தரம் சாட்சி சொல்லக் கூப்பிடலாம் என்கிறார்கள். சொல்வாளா மாட்டாளா, அது அவள் இஷ்டம் என்கிறது மெர்லின். நானும் மார்கழியில் வேலையை விட்டுவிட்டேன். சாவியைக் கொடுத்தேன், தட்டை எண்ணிக் கொடுத்தேன். வீட்டில் சும்மா இருக்கிறேன். சும்மா இருந்தால்தான் எல்லாம் வருகிறது. சோற்றைப் பிசைந்தால் அவள் மடியில் வைத்திருந்த இரண்டு கை வருகிறது.

ஒரு தடவை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்று மெர்லினிடம் நம்பர் கேட்டேன். அது அவளிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தது. "மன்னிச்சிரும்பீங்க, அவ சரிம்மாம்பா. உங்களுக்குத் தூக்கம் வரும். அவளுக்கு?" என்று கேட்டது. எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் போன் போட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா என்றேன். சரிம்மா என்றாள். நெசமாத்தான் சொல்றியா என்றேன். சரிம்மா. பணியாரம் கொண்டுவரட்டுமா? சரிம்மா. போனை வைக்க மாட்டாள், "நீங்க வைங்கம்மா" என்பாள். நான் வைக்கிறவரைக்கும் காதில் வைத்துக்கொண்டே இருப்பாள். நான்தான் வைத்தேன்.

ஏழு நாளாக அந்தச் சரிம்மாவைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வா என்று சொன்னாளா, பயந்து சொன்னாளா? நான் அவள் வாசலில் போய் நின்றால் எழுந்து நிற்பாளே. அந்தப் பொம்பளைக்கு நின்ற மாதிரி. அதுதான் எனக்குத் தெரிய வேண்டும். அதற்காக விடியற்காலையில் எழுந்து மாவாட்டி, பணியாரம் சுட்டு, எண்ணி வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவள் நின்றால் என்ன செய்வது என்று இதுவரைக்கும் யோசிக்கவில்லை.

உசிலம்பட்டி தாண்டிவிட்டோம். கணவாய் ஏறினால் டவர் கிடைக்காது என்பார்கள். நாலாம் தடவை அடிக்கிறது. அந்தப் பையில் மேலேயே மஞ்சள் துணியில் சுற்றி இருக்கும், எடுத்துக் கொடுங்கள். பச்சைப் பொத்தான். மூக்குக்கண்ணாடி இல்லாமல் எனக்குத் தெரியாது, நீங்களே அமுக்குங்கள்.

"அலோ... ஆமா, பேச்சியம்மாதான். யாரு... செவ்வந்தியா? நான் பஸ்லதான் வந்துட்டு இருக்கேன் தாயி. உசிலம்பட்டி தாண்டிருச்சு. இன்னும் ஒரு மணி நேரத்துல... என்ன? சத்தமாப் பேசு, இரைச்சலா இருக்கு... என்ன சொன்ன?"

...

"சரிம்மா."

வைத்துவிட்டாள்.

நீங்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள். எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தேன்? எனக்குத் தெரியும், எட்டு எண்ணினேன். "இன்னைக்கு வராதீங்கம்மா, எனக்கு வேண்டாம்" என்றாள். காலையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மூன்று தடவை கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை, அவளைப் பற்றித்தான் உங்களிடம் பேசிக்கொண்டிருந்தேன். காரணம் சொல்லவில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன். வேண்டுமென்று இல்லை. கோபம் வந்தால் என் வாய் தானாக மூடிக்கொள்ளும். ஒன்று, இரண்டு, மூன்று. இப்போது அழுவாள், இப்போது "கோவமாம்மா, வாங்கம்மா" என்பாள் என்று காத்திருந்தேன். அதைத்தான் எதிர்பார்த்தேன். உங்களிடம் இவ்வளவு சொன்ன பிறகும் என் மனசு அதற்குத்தான் காத்திருந்தது. ஐந்து, ஆறு. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் மூச்சு மட்டும் கேட்டது. அவளும் எண்ணிக்கொண்டிருந்தாளோ என்னவோ. எட்டாவதில்தான் எனக்கு அந்த வார்த்தை வந்தது. அவள் சொல்கிற அதே வார்த்தை. அதைச் சொன்னதும் அவள் போனை வைத்துவிட்டாள். நீங்க வைங்கம்மா என்று சொல்லவில்லை. அவளே வைத்தாள்.

இல்லை, அழவில்லை. விடுங்கள்.

ஆறு. வந்தவர்களுக்கு முன்னால் அவளை உட்கார வைத்துக் காட்டியது ஆறு தடவை. முதலில் ஒன்று என்றேன், பிறகு மூன்று என்றேன். எண்ணிக்கையில் பொய் சொன்னது என் வாழ்நாளில் இதுதான்.

கண்டக்டர் தம்பி! ஆண்டிபட்டியில எறக்கி விடுங்க. ஆமா, தேனிக்கு டிக்கெட் வாங்கினேன்தான். வேண்டாம், எறங்கிக்கிறேன்.

மதுரைக்கு எதிர்ப் பஸ் கிடைக்கும். நீங்கள் வழிவிடுங்கள். அட, உங்கள் முகமெல்லாம் சிவந்து கிடக்கிறதே. தெற்கு வெயில் நேராக உங்கள் மேல்தானே அடித்துக்கொண்டு வந்திருக்கிறது. கண்ணாடியை வேறு சாத்தி வைத்து, மடியில் என் பையையும் வைத்துக்கொண்டு. வெயில் அடிக்கிறது என்று ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

என்ன, பெரியவங்க சொன்னீங்களேன்னு பேசாம இருந்தீங்களா?

ம்.

நான் இறங்கியதும் இந்தப் பக்கம் நகர்ந்து உட்காருங்கள். உட்காரத் தோன்றினால் உட்காருங்கள். கண்ணாடி, உங்கள் இஷ்டம்.

இந்தப் பணியார டப்பாவை இங்கே சீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன். பழைய ஸ்வீட் டப்பாதான், திருப்பித் தர வேண்டியதில்லை. பசித்தால் எடுத்துக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் அப்படியே விட்டுவிடலாம். நான் கீழே இறங்கி நேராக நடந்துவிடுவேன். ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டேன்.